ரேசர்பேக் எங்கே போயிற்று?

(விலங்கியல் மாணவர்களும் பொதுமக்களும் கலந்துகொண்ட மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவில் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அணிகளுக்கு ‘ரேசர்பேக்ஸ்’ என்று பெயர். 1909-ல் அவர்களுடைய அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஹியூகோ பெஸ்டெக், தன் பையன்கள் ரேசர்பேக் பன்றிக் கூட்டம் மாதிரி ஆடினார்கள் என்று புகழ்ந்தாராம். மறு ஆண்டே அது அணியின் பெயராகிவிட்டது. ரேசர்பேக் என்பது அந்த நாட்டின் தென்மாநிலக் காடுகளில் திரிந்த ஒல்லிப் பன்றி. விலா ஒட்டி, முதுகெலும்பு கத்தி விளிம்பாகத் துருத்தி நிற்கும். இன்றும் அந்த அணி உயிருள்ள பன்றி ஒன்றைச் சின்னமாக வளர்க்கிறது. டஸ்க் என்று பெயர். ஆட்டம் நடக்கும் நாளில் கூண்டு வண்டியில் மைதானத்துக்கு வரும், கூட்டம் ஆர்ப்பரிக்கும். ஆனால் டஸ்க் ரேசர்பேக் இல்லை. ‘ரஷ்யப் பன்றி’ என்று அங்கே சொல்கிறார்களே, அந்த ஐரோப்பியக் காட்டுப்பன்றி வம்சம். பார்க்க ரேசர்பேக் போல இருக்கிறது என்பதே அதன் தகுதி.

பல்கலைக்கழகத்தைக் குறை சொல்லவில்லை. அசல் ரேசர்பேக் வேண்டும் என்று அவர்கள் ஆர்கன்சா காடுகளில் தேடினாலும் கிடைப்பது அரிது. நூறு ஆண்டுக்கு முன் அங்கே இருந்த பன்றி வேறு, இப்போது இருக்கிற பன்றி வேறு. இந்த மாற்றத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பன்றி காட்டுக்குப் போனதால் காட்டுப்பன்றி ஆனது என்பது பாதிக் கதை. மீதிப் பாதியை எழுதியவர்கள் மனிதர்கள். எதைக் கொண்டுவந்தார்கள், எங்கே வேலி போட்டார்கள், எதைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள் என்பதில் அந்தப் பாதி இருக்கிறது.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரலாம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வாழைத்தோட்டத்தைக் கிளறிப் போடுகிற பன்றி பிறவியிலேயே காட்டு விலங்கு. இந்த மண்ணுக்கே உரியது. அமெரிக்கக் கண்டங்களில் அப்படி ஒரு பன்றி இருந்ததே இல்லை. டெக்சாஸின் முட்காடுகளில் ஹவலீனா என்று ஒன்று உண்டு, பார்த்தால் சின்னப் பன்றி என்றுதான் தோன்றும். அது பெக்கரி என்ற வேறு குடும்பம். ஆகவே இன்று அங்கே திரிகிற ஒவ்வொரு பன்றியும் கப்பலில் போன ஏதோ ஒரு பன்றியின் வழிவந்தது. வீட்டு விலங்காகப் போய்ப் பிறகு காடேறியது, அல்லது வேட்டைக்கென்றே காட்டுப்பன்றியாக வாங்கிப் போனது, அல்லது இரண்டும் கலந்தது.

முதல் கப்பல்களைப் பார்ப்போம். கொலம்பஸ் 1493-ல் இரண்டாம் முறை புறப்பட்டபோது கேனரித் தீவுகளில் எட்டுப் பன்றிகளை ஏற்றிக்கொண்டார். கரீபியத் தீவுகளில் அவை பெருகின. 1539-ல் ஹெர்னாண்டோ டி சோட்டோ புளோரிடாக் கரையில் இறங்கியபோது கூடவே நடமாடும் உணவுக் களஞ்சியமாகப் பன்றிகளும் இறங்கின. அப்போது பதிமூன்று என்றும், மூன்று ஆண்டு கழித்து அவர் இறந்தபோது எழுநூறு என்றும் சொல்வார்கள். வழியில் எத்தனை தப்பின, எத்தனையைப் பூர்வகுடியினர் பிடித்துக்கொண்டார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. அவை ஐபீரிய வகையைச் சேர்ந்த பன்றிகள். கருத்த தோல், நீண்ட மூஞ்சி, நடக்கத் தெரிந்த கால்கள். இன்று கறிக்கடைக்கு வளர்க்கிற வெள்ளைப் பன்றியை மனதில் வைத்துக்கொண்டு அவற்றைக் கற்பனை செய்யாதீர்கள். அந்தக் காலத்தில் பன்றி சந்தைக்கும் நடந்தது, போருக்கும் நடந்தது.

தென்மாநிலத்துக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. எங்கள் காட்டுப் பன்றி நேரே டி சோட்டோவின் பன்றி என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பின்னால் வந்த ஆங்கிலேயர்களும் மற்ற ஐரோப்பியர்களும் கொண்டுவந்த பன்றிகளின் தொகைக்கு முன்னால் அந்த எழுநூறு எந்த மூலைக்கு? ஜேம்ஸ்டவுன் குடியேற்றம் 1607-ல் தொடங்கியது. அடுத்த இரண்டரை நூற்றாண்டுகளுக்குத் தென்மாநில விவசாயியின் பன்றி வளர்ப்பு என்பது பன்றியைக் காட்டில் விடுவதுதான். வேலி பயிருக்கு, பன்றிக்கு அல்ல. வேலிக்கு வெளியே உள்ள காடு முழுவதும் எல்லோருடைய பன்றிக்கும் மேய்ச்சல் நிலம். எந்தப் பன்றி யாருடையது என்று அறியக் காதில் வெட்டு அடையாளம் போடுவார்கள். இடது காதில் ஒரு பிளவு, வலது காதில் ஒரு துளை என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி. அது மாவட்ட நீதிமன்றத்தில் பதிவாகியிருக்கும். இலையுதிர் காலத்தில் ஓக் மரக் கொட்டையும் செஸ்ட்நட்டும் தின்று பன்றி கொழுக்கும். குளிர் இறங்கியதும் நாயோடு போய்ப் பிடித்து வருவார்கள். சிலர் கடைசி சில வாரம் மக்காச்சோளம் போட்டுத் தேற்றி அறுப்பார்கள்.

ரேசர்பேக்கைச் செய்தது இந்த ஏற்பாடுதான். ஓநாயிடமிருந்து குட்டியைக் காக்கத் தெரியாத தாய் வம்சம் விடாது. குட்டைக் காலோடு பிறந்தது கொட்டை விழும் மேட்டுக்கும் தண்ணீருக்கும் இடையில் நடந்தே இளைக்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் காடு தனக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டது. ஆனால் காடு மட்டும் தேர்வு செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். விவசாயி பிடித்த ஆண்குட்டிகளில் பெரும்பாலானவற்றைக் காயடித்தான். பொலிக்கு விட்டது அவனுக்குப் பிடித்த ஆண். கையில் காசு சேர்ந்தவன் இங்கிலாந்திலிருந்து வந்த பெர்க்ஷயர் ஆணை வாங்கி விட்டான். வேறொருவன் சிவப்பு டூராக்கை விட்டான். தோளைச் சுற்றி வெள்ளைப் பட்டை உள்ள ஹாம்ப்ஷயர் இன்னொரு வட்டாரத்தில் கலந்தது. ஆகவே 1900 வாக்கில் ஒரு தென்மாநிலக் காட்டில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய பன்றிக் கூட்டத்தில் கறுப்பு, சிவப்பு, புள்ளி, பட்டை எல்லாம் இருந்திருக்கும். நிறம் பலவாக இருந்தாலும் உடல்வாகு ஏறத்தாழ ஒன்று. உயர்ந்த கால், ஒட்டிய வயிறு, நீண்ட மூஞ்சி, முதுகில் சிலிர்த்து நிற்கும் மயிர். சிலவற்றுக்குக் குளம்பு பிளவுபடாமல் கழுதைக் குளம்பாகவே இருந்தது. சிலவற்றுக்குத் தாடைக்குக் கீழே ஆட்டுக்குத் தொங்குவது போல இரண்டு சதைத் தொங்கல்.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு சட்டம் மாறத் தொடங்கியது. பயிருக்கு வேலி என்பது போய்க் கால்நடைக்கு வேலி என்று ஆயிற்று. வட்டாரம் வட்டாரமாக, சண்டை சச்சரவோடுதான் இது நடந்தது. நிலம் இல்லாத ஏழைக்குப் பொதுக்காட்டில் மேயும் நாலு பன்றிதான் சொத்து, அவன் எப்படிச் சும்மா விடுவான்? புளோரிடாவில் திறந்தவெளி மேய்ச்சல் முழுதாக முடிவுக்கு வந்தது 1949-ல்தான். அதே சமயத்தில் பன்றி வளர்ப்பு கொட்டகைக்குள் போய்விட்டது. உள்ளே போன பன்றி வெளுத்து, நீண்டு, பருத்தது. வெளியே தங்கிவிட்ட பன்றிக்கு உரிமையாளன் இல்லை, காதுக்குறி இல்லை, புதிய பொலி ஆணும் இல்லை.

இனி நான் கொஞ்சம் நின்று பேச விரும்பும் இடம். பண்ணைப் பன்றி ஒன்று வேலி தாண்டி ஓடினால் சில மாதத்தில் மயிர் அடர்ந்து, கோரைப்பல் முளைத்து, மூஞ்சி நீண்டு காட்டுப்பன்றியாகவே மாறிவிடும் என்று ஒரு நம்பிக்கை உலகமெங்கும் இருக்கிறது. படித்தவர்களும் சொல்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை?

கோரைப்பல்லை எடுத்துக்கொள்வோம். பண்ணைப் பன்றிக்கும் கோரைப்பல் உண்டு, ஆணுக்கு அது வாழ்நாள் முழுவதும் வளரும். நாம் பார்ப்பதில்லை, காரணம் அது ஏறத்தாழ ஆறு மாதத்திலேயே இறைச்சிக்குப் போய்விடுகிறது, ஆணாக இருந்தால் பெரும்பாலும் காயடிக்கப்பட்டுவிடுகிறது. காயடிக்காத ஆண் மூன்று வயது வரை உயிரோடிருந்தால் எங்கே இருந்தாலும் பல் வெளியே தெரியும். காட்டுக்கு ஓடியதால் முளைத்ததல்ல. மயிர் குளிரில் அடர்த்தியாகும், அது உண்மை. தீனி குறைந்து ஓட்டம் கூடினால் கொழுப்பு கரையும், தோள் பெரிதாகத் தெரியும், அதுவும் உண்மை. ஆணுக்குத் தோளில் கேடயம் போலத் தடித்த தோல் சண்டையோடும் வயதோடும் வளரும். இவை எல்லாம் ஒரே விலங்கின் ஆயுளுக்குள் நடப்பவை. ஆனால் தொங்கிய காது நிமிராது. மண்டையோடு வேறொரு விலங்கின் மண்டையோடு ஆகாது. ஒரே நிறத்தில் பிறந்த பன்றிக்கு வரிகள் தோன்றப் போவதில்லை.

தலைமுறைகள் கடந்தால்? இங்கே விஷயம் சுவையாகிறது. டார்வின் 1868-ல் வெளியிட்ட வளர்ப்பு விலங்குகள், தாவரங்கள் பற்றிய நூலில், ஜமைக்காவிலும் தென் அமெரிக்காவின் நியூ கிரனடாவிலும் காடேறிய பன்றிகள் மீண்டும் வரிக்குட்டிகளை ஈனுவதாகக் கிடைத்த செய்திகளைக் குறித்து வைத்தார். காட்டுப்பன்றிக் குட்டிக்கு உடலின் நெடுகிலும் மஞ்சளும் பழுப்புமாய் வரிகள் இருக்கும். நான்கைந்து மாதத்தில் மங்கிவிடும். இந்த வரிக்கான மரபணு வீட்டுப் பன்றியில் முற்றிலும் அழிந்துவிடுவதில்லை, வேறு நிறங்களின் ஆதிக்கத்தில் மறைந்திருக்கலாம். இனக்கலப்பில் சில குட்டிகளுக்கு அது வெளியே வரும். ஆகவே வரி திரும்பியது என்றால் முழு விலங்கும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்று பொருள் கொள்ள வேண்டாம். வீட்டுப் பன்றியின் மூளை அதே எடையுள்ள காட்டுப்பன்றியின் மூளையைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிறியது. கலபகோஸ் தீவுகளில் பல தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்த பன்றிகளின் மண்டையை அளந்து பார்த்தார்கள். மூளை பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

காடு தானே ஒரு உருவத்தைச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஜார்ஜியா மாநிலக் கரையோரம் ஆசபா என்று ஒரு தீவு இருக்கிறது. ஸ்பானியக் காலத்துப் பன்றிகளின் சந்ததி என்று கருதப்படுகிற கூட்டம் அங்கே நூற்றாண்டுகளாகத் தனியே வாழ்ந்து வந்திருக்கிறது. தீவில் தீனி வருவதும் போவதுமாக இருக்கும். வசந்த காலத்தில் பஞ்சம், இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டை கொட்டோ கொட்டு. கிடைக்கும்போது கொழுப்பாகச் சேமித்து வைத்துக்கொள்ளத் தெரிந்ததே பிழைத்தது. உடம்பு சிறுத்தது. நிமிர்ந்த காது, நீண்ட மூஞ்சி, கனத்த மயிர். சர்க்கரை நோய் ஆராய்ச்சியாளர்களுக்கு இந்தப் பன்றி ஒரு கொடை. கொழுப்பைச் சேர்க்கும் அதன் உடல்வாகே மனிதருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவைப் படிக்க உதவுகிறது. ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னன் பண்ணையில் அக்காலத்துப் பன்றி எப்படி இருந்தது என்று பார்வையாளர்களுக்குக் காட்ட ஆசபா பன்றியைத்தான் வைத்திருக்கிறார்கள். ரேசர்பேக்கை உயிரோடு பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நானும் அங்கேதான் அனுப்புவேன்.

பெருநிலத்தில் அந்த உருவத்தைக் கலைத்தவர்கள் பணக்காரர்கள். ஆஸ்டின் கார்பின் என்ற வங்கியாளர் 1890 வாக்கில் நியூ ஹாம்ப்ஷயரில் தன் வேட்டைப் பூங்காவுக்கு ஜெர்மனியிலிருந்து காட்டுப்பன்றிகளை வரவழைத்தார். அதைவிட விளைவு பெரிதானது வட கரோலினா மலைகளில் ஹூப்பர் பால்ட் என்ற இடத்தில் நடந்தது. ஜார்ஜ் கோர்டன் மூர் என்ற தொழிலதிபர் தன் செல்வந்த நண்பர்களுக்காக அங்கே ஒரு வேட்டைக்காடு அமைத்தார். 1912-ல் காட்டெருமை, எல்க் மான், கரடி எல்லாம் மாட்டு வண்டியில் மலையேறின. கூடவே ஒரு டஜன் சொச்சம் காட்டுப்பன்றிகள். பெர்லினில் உள்ள முகவரிடம் வாங்கியவை, ரஷ்யாவின் யூரல் மலையில் பிடித்தவை என்று சொல்லப்பட்டது. யூரலா இல்லையா என்பதை இன்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் ‘ரஷ்யப் பன்றி’ என்ற பெயர் அன்று ஒட்டியதுதான். செஸ்ட்நட் கட்டைகளை அடுக்கிய வேலிக்குள் பன்றிகள் பத்தாண்டு பெருகின. கரடிகள் வேலி ஏறிப் போய்விட்டன, பன்றிகளுக்கு மட்டும் என்ன அவசரம்? 1920களின் தொடக்கத்தில் பெரிய வேட்டை ஒன்று ஏற்பாடாயிற்று. நாய்களை உள்ளே விட்டார்கள். செத்தவை இரண்டே பன்றிகள், கூடச் சில நாய்கள். மிரண்ட மற்றப் பன்றிகள் வேலியை உடைத்துக்கொண்டு மலைக்குள் போய்விட்டன.

அந்த மலைகளில் ஏற்கெனவே யார் இருந்தார்கள்? காதுக்குறி போட்ட, போடாத ஊர்ப் பன்றிகள். மேற்கொண்டு நடந்ததை நான் சொல்லத் தேவையில்லை. 1920களின் நடுவில் மூர் தன் பன்றிகளில் சிலவற்றைக் கலிபோர்னியாவின் மான்டரே பகுதிக்கும் கொண்டுபோய் விட்டார். 1930களில் டெக்சாஸ் கரையோரப் பண்ணையார்கள் சிலரும் ஐரோப்பியப் பன்றிகளை வாங்கி வேலிக்குள் விட்டார்கள். வேலிகள் என்ன கதியாயின என்பது உங்களுக்கே தெரியும்.

வந்த விருந்தாளி எப்படி இருந்தது? மண்டையோட்டின் மேற்கோடு நெற்றியிலிருந்து மூக்கு வரை நேராக இறங்கும். வீட்டுப் பன்றிக்கு அது நடுவில் குழிந்திருக்கும். காது சிறியது, நிமிர்ந்தது, ஓரத்தில் மயிர்க் குஞ்சம். வால் சுருளாது. முள்மயிரின் நுனி வெளுத்திருப்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் தூவிய பழுப்பு. முள்மயிருக்கு அடியில் கம்பளி மாதிரி உள்மயிர். உள்ளேயும் வேறுபாடு உண்டு. வீட்டுப் பன்றிக்கு 38 குரோமோசோம். மேற்கு ஐரோப்பியக் காட்டுப்பன்றிக்கு 36. இரண்டும் சேர்ந்து பெற்ற குட்டிக்கு 37, அதுவும் நன்றாகவே இனம் பெருக்கும். 1960களில் டென்னசி மலைகளில் பிடித்த பன்றிகளின் குரோமோசோமை எண்ணியபோது சிலவற்றில் 36, சிலவற்றில் 37 இருந்தன. அரை நூற்றாண்டுக்கு முன் வண்டியில் மலையேறிய விருந்தாளி ஊர்க்காரியைக் கட்டிக்கொண்டதற்கு அதுவே பதிவேடு.

இப்போது நிறத்துக்கு வருவோம். டெக்சாஸிலோ ஜார்ஜியாவிலோ இரவுக் கேமராவில் விழுகிற பன்றிக் கூட்டத்தைப் பார்த்தால் மிகுதியாகத் தெரிவது முழுக் கறுப்பு. உடனே ‘ரஷ்யப் பன்றி’ என்பார்கள். ஆனால் ஐரோப்பியக் காட்டுப்பன்றியின் இயல்பு நிறம் கறுப்பல்ல, நான் சொன்ன அந்தச் சாம்பல் பழுப்பு. முழுக் கறுப்பு வீட்டுப் பன்றி தந்த சீர். நிறத்தைத் தீர்மானிக்கும் ஒரு மரபணுவில் ஆசியப் பன்றிகளில் ஒரு மாற்றமும் ஐரோப்பியப் பன்றிகளில் இன்னொரு மாற்றமும் தனித்தனியே தோன்றி, இரண்டும் கறுப்பைத் தருகின்றன. இரண்டும் காட்டு நிறத்தை அடக்கி ஆள்பவை. காட்டில் இயற்கை அந்த மரபணுவை அசையவிடாமல் காத்தது, ஏனென்றால் நிறம் மாறிய குட்டி முதலில் தின்னப்பட்டுவிடும். வீட்டில் மனிதர்கள் விதவிதமான நிறத்தை விரும்பிப் பொறுக்கினார்கள். தன் பன்றியை அடுத்தவன் பன்றியிலிருந்து பிரித்தறிய அது உதவியிருக்கும். மனிதன் பொறுக்கிய அந்தக் கறுப்பு இப்போது காட்டில் ஆட்சி செய்கிறது. கறுப்புத் தாய்க்குப் பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு வரியும் இருக்காது. வெள்ளை மட்டும் அருகிப்போயிற்று. அதுவும் ஆதிக்கம் செலுத்தும் நிறம்தான். ஆனால் வெள்ளைக் குட்டி நரிக்கும் தெரியும், துப்பாக்கிக்கும் தெரியும்.

ஒரே இடத்தில் இந்த மாற்றத்தைத் தொடக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது தென் கரோலினாவின் சவன்னா ஆற்று அணு ஆயுத வளாகத்தில். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு அங்கே எண்ணூறு சதுர கிலோமீட்டர் நிலத்தைக் கையகப்படுத்தியது. எலன்டன் போன்ற ஊர்கள் காலியாயின. மக்கள் வீட்டைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஆற்றோரச் சதுப்பில் மேய்ந்துகொண்டிருந்த பன்றிகளையெல்லாம் பிடிக்க முடியவில்லை. காவல் போட்ட வளாகம், வேட்டை இல்லை, புதிய பன்றி வரவும் இல்லை. ஊர்ப் பன்றி காடேறுவதைப் பார்க்க இதைவிட நல்ல சோதனைச்சாலை அமையுமா? பின்னாளில் வெளியே யாரோ விட்ட கலப்புப் பன்றிகளும் வந்து சேர்ந்து அந்தச் சோதனையைக் கலைத்தன. அங்கே ஆய்வு செய்த ஜான் மேயரும் லேர் பிரிஸ்பினும் வளாகத்துப் பன்றிகளோடு நிற்கவில்லை. அருங்காட்சியகங்களில் தூசி படிந்து கிடந்த மண்டையோடுகளையும் தோல்களையும் தேடிப் போய் அளந்தார்கள். காடேறியது, காட்டுப்பன்றி, கலப்பு என்று உருவத்தை வைத்துப் பிரிக்க முயன்ற அவர்களுடைய நூல் 1991-ல் வந்தது. இந்தத் துறையில் இன்றும் எவரும் அதைத் தொடாமல் மேலே போக முடியாது. நூற்றாண்டுகளாகக் காட்டில் வாழ்ந்த பன்றியின் மண்டையோடும் ஐரோப்பியக் காட்டுப்பன்றியின் மண்டையோடு ஆகிவிடவில்லை என்பதை அவர்களுடைய அளவுகள் காட்டின.

அந்த நூல் வந்த காலத்திலேயே அடுத்த மாற்றம் தொடங்கிவிட்டது. இம்முறை அது லாரியில் வந்தது. 1980களில் அமெரிக்காவில் ஏறத்தாழ 17 மாநிலங்களில் இருந்த பன்றி இன்று முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. மொத்தம் அறுபது லட்சத்துக்கு மேல் என்று அரசு மதிப்பிடுகிறது. டெக்சாஸில் மட்டும் 254 மாவட்டங்களில் 253-ல் உண்டு. பன்றி தானாக நடந்து இவ்வளவு வேகமாகப் பரவாது. வேட்டைப் பிரியர்கள் இரவோடு இரவாக டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய்ப் புதிய காட்டில் விட்டார்கள். டென்னசி மாநிலம் 1999-ல் பன்றியை ஒழிக்கலாம் என்று எண்ணி மாநிலம் முழுவதும் கட்டற்ற வேட்டைக்கு அனுமதி தந்தது. பன்றி குறையவில்லை. வேட்டையாட ஆசைப்பட்டவர்கள் பன்றியில்லாத மாவட்டங்களிலும் கொண்டுபோய் விட்டார்கள். 2011-ல் மாநிலம் அந்தக் கொள்கையையே கைவிட்டது. கான்சஸ் மாநிலம் அதற்கு முன்பே, 2006-ல், பொழுதுபோக்குக்காகப் பன்றி சுடுவதைத் தடைசெய்துவிட்டது. சுட ஆசை இல்லாவிட்டால் கொண்டுவந்து விடவும் ஆளிருக்காது என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அது புத்திசாலித்தனமாகவே படுகிறது.

இந்தப் போக்குவரத்தின் விளைவு 2020-ல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வில் தெளிவாயிற்று. நாடு முழுவதிலுமிருந்து 6,500க்கு மேற்பட்ட பன்றிகளின் மரபணுவைச் சோதித்தார்கள். 97 சதவீதம் கலப்பு. ஐரோப்பியக் காட்டுப்பன்றியும் பழைய வீட்டுப் பன்றி இனங்களும் கலந்தவை. தூய காட்டுப்பன்றி என்றும், தூய காடேறிய பன்றி என்றும் சொல்லத்தக்கவை மிகச் சிலவே. கொட்டகையிலிருந்து நேற்று தப்பிய பன்றிகள் இந்தத் தொகையைப் பெருக்கவில்லை என்பதும் இதில் தெரிகிறது. வீட்டு இனத்திலிருந்து குட்டிகளின் எண்ணிக்கை, காட்டு இனத்திலிருந்து தாங்கும் திறன். இரண்டும் ஒரே தோலுக்குள் வந்துவிட்டன.

உருவம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு இரண்டு செய்திகள். 2004-ல் ஜார்ஜியாவில் பன்னிரண்டு அடி நீளம், ஆயிரம் பவுண்டு எடை என்று ஒரு பன்றியின் படம் உலகமெங்கும் பரவியது. ‘ஹாக்சில்லா’ என்று பெயரும் வைத்தார்கள். நேஷனல் ஜியோகிராஃபிக் குழு புதைத்த உடலைத் தோண்டி எடுத்து அளந்தது. ஏழரை, எட்டு அடி, சுமார் எண்ணூறு பவுண்டு. மரபணுவில் காட்டுப்பன்றியோடு ஹாம்ப்ஷயர் வீட்டுப் பன்றியும் இருந்தது. மூன்று ஆண்டு கழித்து அலபாமாவில் ஒரு சிறுவன் ஆயிரம் பவுண்டுக்கு மேலான ‘ராட்சதக் காட்டுப்பன்றி’யைச் சுட்டதாகப் பரபரப்பு. விசாரித்தால் அது ஒரு பண்ணையில் செல்லமாக வளர்ந்த பன்றி, பெயர் ஃப்ரெட். சில நாளுக்கு முன்புதான் வேட்டைப் பண்ணைக்கு விற்றிருந்தார்கள். உண்மையில் காட்டில் திரிகிற வளர்ந்த பன்றிகளில் பெரும்பாலானவை ஐம்பதிலிருந்து தொண்ணூறு கிலோவுக்குள்தான். அவற்றின் படத்தை யாரும் பகிர்வதில்லை.

படமும் பெயரும் விலையைத் தீர்மானிக்கின்றன. நிமிர்ந்த காதும் சாம்பல் மயிரும் உள்ள பன்றியை ‘ரஷ்யன்’ என்று சொல்லிக் காட்டினால் வேட்டைக்காரன் கூடுதலாகக் கொடுக்கிறான். அதனால் பண்ணைக்காரன் அந்த உருவத்தையே தேடி வாங்கி விடுகிறான். ஒரு காலத்தில் காதுக்குறியும் பெர்க்ஷயர் ஆணும் செய்த வேலையை இன்று வேட்டைக் கட்டணம் செய்கிறது. கனடாவில் இதே கதை இன்னும் வேகமாக நடந்தது. 1980களிலும் 90களிலும் இறைச்சிக்காகக் காட்டுப்பன்றி வளர்க்கச் சொன்னார்கள், சந்தை படுத்ததும் பன்றிகள் வெளியே போயின, இப்போது பனிக்காட்டில் நாணல் குவித்துக் கூடு கட்டிக் குளிர் தாங்குகின்றன. அமெரிக்காவில் இவை செய்யும் சேதத்துக்கும் கட்டுப்படுத்தும் செலவுக்கும் ஆண்டுக்கு 150 கோடி டாலர் என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. இப்போது அதைவிடக் கூடுதல் என்கிறார்கள்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நம் ஊர்களிலும் காட்டோரத்தில் ஊர்ப் பன்றியும் காட்டுப்பன்றியும் ஒரே குப்பைமேட்டில் மேய்கிற இடங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் ஹூப்பர் பால்ட் வேலி உடைந்து அறுபது, எழுபது ஆண்டு கழித்துத்தான் முழுமையாக அளக்கத் தொடங்கினார்கள். அதற்குள் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய மண்டையோடு தேடி அருங்காட்சியகம் அருங்காட்சியகமாக அலைய வேண்டியிருந்தது. நீங்கள் அவ்வளவு காத்திருக்க வேண்டாம். பன்றியைப் பார்த்தால் காது, வால், மயிர் நுனி, குட்டியின் வரி நான்கையும் கவனித்து, இடமும் தேதியும் போட்டுப் படத்தோடு உங்கள் துறையில் ஒப்படையுங்கள். செத்த பன்றியின் மண்டையோடு கிடைத்தால் வனத்துறையின் அனுமதியோடு கல்லூரி அருங்காட்சியகத்துக்குக் கேட்டு வாங்குங்கள். உயிரோடு இருப்பதன் அருகே மட்டும் போகாதீர்கள்.